தொழிற்பெயரும் தொழில்வழிச் சிகிச்சையும்: ஒரு சங்கம் எதற்காக வாதாடுகிறது?

2016-ஆம் ஆண்டு என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது மூளையில் அடைப்பு. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசத்துக்குப் பிறகு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலைப் பிடித்து நடக்கவைக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். அவரை எல்லோருக்கும் புரிந்தது. மூன்றாவது வாரம் டாக்டர் சீட்டில் இன்னொரு பெயரையும் எழுதிக் கொடுத்தார்: 'ஆக்குபேஷனல் தெரபி'. அது என்ன என்று அப்பா கேட்டார். நானும் அகராதியைப் புரட்டிவிட்டு, "தொழில்வழிச் சிகிச்சைப்பா" என்றேன்.

"எனக்கு எதுக்குடா இனிமே தொழில்? ரிடையராகி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. மறுபடியும் ஃபிட்டர் வேலைக்கு அனுப்பப் போறாங்களா?" என்றார், பாதி குழறலும் பாதி கோபமுமாக.

அடுத்த நாள் ஒரு இளம்பெண் வந்தார். கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. அப்பாவின் கையைத் தொடுவதற்கு முன்னால் கட்டிலோரம் உட்கார்ந்து, "அங்கிள், பெளிக்கே எத்து ஏன் மாட்தீரி?" என்று கேட்டார். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்ற சாதாரணக் கேள்விதான். பல் தேய்ப்பது, வேட்டி கட்டுவது, தானே டிகாஷன் இறக்கிக் காப்பி கலப்பது, பேப்பர் மடித்துப் படிப்பது என்று அப்பா சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டார். பிறகு ஆறு மாதமும் சிகிச்சை அந்தப் பட்டியலைச் சுற்றியே நடந்தது. டவரா டம்ளரைப் பிடிக்க வசதியாகப் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுத்தார். வேட்டியை ஒற்றைக் கையால் இடுப்பில் நிறுத்த ஒரு பட்டை தைக்கச் சொன்னார். குளியலறையில் எந்த உயரத்தில் கைப்பிடி அடிக்க வேண்டும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கட்டுரை என் தகப்பனாரைப் பற்றியது அல்ல. ஆனால் அந்த அனுபவத்தில் இரண்டு இடங்களில் நான் முட்டிக்கொண்டேன். ஒன்று பெயர். மற்றது காப்பீட்டுக் கம்பெனி. இரண்டையும் பின்தொடர்ந்து போனபோதுதான், இந்தத் துறைக்கு அகில இந்திய அளவில் ஒரு சங்கம் இருப்பதும், அது அறுபது எழுபது ஆண்டுகளாக எதற்காக மல்லுக்கட்டி வந்திருக்கிறது என்பதும் விளங்கின.

முதலில் கம்பெனி கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சிகிச்சைக்குச் சில நாட்கள் வரை பணம் உண்டு என்று பாலிசியில் இருந்தது. பில்லில் அந்தப் பெண் சுருக்கமாக 'ஓ.டி. கட்டணம்' என்று எழுதியிருந்தார். அறுவை சிகிச்சைக் குறிப்புகளை இணைக்கவும் என்று பதில் வந்தது! ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஐயா, வீட்டில் ஏது தியேட்டர் என்று விளக்கி மறுபடி எழுதினால், சரி, சிகிச்சை அளித்தவர் எந்தச் சட்டபூர்வமான கவுன்சிலில் பதிவு பெற்றவர், பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு நர்ஸிங் கவுன்சில் இருக்கிறது, மருந்துக்கடைக்காரருக்கு ஃபார்மஸி கவுன்சில் இருக்கிறது. இந்தப் பெண்ணிடம் இருந்தது சங்கத்தின் உறுப்பினர் எண் மட்டும்தான். அது செல்லாது என்றுவிட்டார்கள். பணம் வரவில்லை. போனால் போகட்டும், ஆனால் கைப்பிடிக்குக் கோடு போட்டவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இனி பெயர் விஷயம். ஆங்கிலத்தில் 'ஆக்குபேஷன்' என்றால் இன்றைக்கு உத்தியோகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த மொழிக்காரர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு. இந்தத் துறைக்காரர்கள் அந்தச் சொல்லை ஆதியில் எடுத்துக்கொண்ட பொருள் வேறு: மனிதன் தன் பொழுதை எதனால் நிரப்பிக்கொள்கிறானோ அது எல்லாம். 1917-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு குழு கூடி முதல் சங்கத்தைத் தொடங்கியது. அதில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர், மருத்துவர் அல்ல. காசநோயால் அவதிப்பட்டு, கால் விரல்கள் வெட்டப்பட்டு, உடம்பின் இடப்பாகம் செயலிழந்த நிலையில், தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டவர். நோயாளியாக இருந்து கற்றுக்கொண்டதைத்தான் அவர் சிகிச்சை என்று பெயரிட்டார்.

தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை, தொழிற் சிகிச்சை, செயல்முறை மருத்துவம் என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். 'தொழில்' என்று வரும்போதெல்லாம் என் அப்பாவுக்கு வந்த சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. செயல்முறை என்று சொன்னால் பள்ளிக்கூடத்து பிராக்டிகல் வகுப்பு நினைவுக்கு வருகிறது. ஆனால் பள்ளியில் நாம் படித்த இலக்கணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொழிற்பெயர் என்றால் என்ன? உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல், எழுதுதல், பேசுதல். இவற்றில் ஒன்றாவது சம்பளம் வாங்கும் வேலையா? இலக்கணக்காரர்களுக்குத் தொழில் என்றால் வினை, செய்கை, அவ்வளவுதான். அந்தப் பழைய பொருளில் பார்த்தால் தொழில்வழிச் சிகிச்சை என்பது அச்சாகப் பொருந்தும் பெயர். ஒரு சிகிச்சையாளர் நோயாளியைப் பார்த்ததும் மனதில் போடும் பட்டியலே தொழிற்பெயர்களின் பட்டியல்தான். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த அதே சுருக்கம் நம் சொல்லுக்கும் நேர்ந்திருப்பது வேடிக்கை. தமிழ்ச் சங்கத்து மலரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். உலகமே வியந்த காரியம். ஆனால் சில நோயாளிகள் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். கை நேராகிவிட்டதால் யாரும் பிச்சை போடுவதில்லை. நோயின் தழும்பு இருப்பதால் யாரும் வேலையும் கொடுப்பதில்லை. கத்தி கையைத் திருப்பிக் கொடுத்தது, அந்தக் கைக்குச் செய்கையைக் கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் அமைத்து, தச்சு, பொம்மை செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற கையால் உளியைப் பிடிக்கும்போது காயம் படாமல் எப்படிப் பிடிப்பது என்பதே அங்கே பாடம். இந்தச் சிகிச்சை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

நம் பெங்களூரிலும் இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸைக் கடந்து போகாதவர்கள் யார்? மைசூர் சமஸ்தானத்து மனநல மருத்துவமனையாக இருந்து, 1974-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம். அதன் மறுவாழ்வுப் பிரிவில் பேக்கரி, தச்சு, தையல், மெழுகுவத்தி என்று பல பட்டறைகள் உண்டு. ரொட்டி விற்பதைப் பார்த்துவிட்டு நோயாளிகளை வேலை வாங்குகிறார்களோ என்று நினைப்பவர்களும் உண்டு. காலை பத்து மணிக்கு ஓரிடத்துக்கு வந்து சேர்வது, மாவைப் பிசையும் நேரம் முழுதும் ஒன்றில் மனதை நிறுத்துவது, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது என இவையெல்லாம் உடைந்துபோன ஒருவருக்கு அங்கே படிப்படியாகத் திரும்பக் கட்டப்படுகின்றன. ரொட்டி அதன் உபபொருள். இந்திராநகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, லிங்கராஜபுரத்தில் 1959 முதல் நடந்துவரும் ஏ.பி.டி. என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளும் இந்த நகரத்தில் உண்டு. ஆக, தேவை இருக்கிறது, பாரம்பரியமும் இருக்கிறது.

இப்போது சங்கத்துக்கு வருவோம்.

இந்தியாவில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் கமலா நிம்ப்கர். பிறப்பால் அமெரிக்கர், எலிசபெத் லண்டி என்பது இயற்பெயர். மராட்டியரான விஷ்ணு நிம்ப்கரை மணந்து இந்தியராகவே ஆகிப்போனவர். 1940-களில் அமெரிக்கா போய், பிலடெல்பியாவில் இந்தப் படிப்பை முடித்துத் திரும்பி, 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். பள்ளி தொடங்கி இரண்டே ஆண்டில், அதாவது 1952-இல், அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கத்தையும் அமைத்துவிட்டார். கையளவு பேர் கூட இல்லாதபோது சங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதே 1952-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. தொடக்கத்தில் அதில் இருந்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சங்கம் இல்லாமல் நாற்காலி கிடைத்திருக்காது. அந்த அம்மையாரின் முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும்.

அந்த நாற்காலி வெறும் கௌரவத்துக்கு அல்ல. ஒரு கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும், மாணவர் எத்தனை மணி நேரம் நேரடியாக நோயாளிகளோடு பழக வேண்டும் என்பதற்கு உலகக் கூட்டமைப்பு குறைந்தபட்ச அளவுகோல் வைத்திருக்கிறது. களப்பயிற்சி மட்டும் ஆயிரம் மணி நேரம். சட்டம் எதுவும் இல்லாத காலத்தில் இந்தியச் சங்கம் இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரிகளைப் பார்வையிட்டு அங்கீகாரம் வழங்கிவந்தது. சங்கத்தின் முத்திரை பெற்ற கல்லூரியில் படித்தவர்களுக்கு வெளிநாட்டில் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும் என்பதால் கல்லூரிகளும் இதற்கு இணங்கின. அரசாங்க அதிகாரம் இல்லாத ஒரு சங்கம், மாணவர்களின் விசா ஆசையை வைத்தே பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்தியது என்றால் மிகையில்லை.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தன்னார்வச் சங்கத்தால் தன் உறுப்பினரைத்தான் நீக்க முடியும். உறுப்பினரே ஆகாமல், மூன்று மாத சர்ட்டிபிகேட் ஒன்றை மாட்டிக்கொண்டு கடை விரிப்பவரை எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் சட்டம் வேண்டும், பதிவேடு வேண்டும் என்பதே இந்தத் துறையின் நீண்ட காலக் கோரிக்கையாக இருந்தது.

இந்தக் கோரிக்கை நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் நம் அரசாங்கத்தின் நடை புரியும். 1992-இல் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. அதில் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், செயற்கைக் கால் செய்பவர் எனப் பல வகையினர் இடம்பெற்றார்கள்; இவர்கள் தனிப்பிரிவாக இடம்பெறவில்லை. டெல்லி 1997-இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயர் 'பிசியோதெரபி மற்றும் ஆக்குபேஷனல் தெரபி கவுன்சில்'. மகாராஷ்டிரம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரிசையை மாற்றி 'ஆக்குபேஷனல் தெரபி மற்றும் பிசியோதெரபி' என்று வைத்தது. கமலா நிம்ப்கரின் மாநிலம் அல்லவா! யார் பெயர் முன்னால் என்பது வெளியாட்களுக்குச் சில்லறை விஷயம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுப் பழகிய நமக்கு அதன் கனம் தெரியும். 2007-இல் மத்திய அரசு மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தது. 'பாராமெடிக்கல் மற்றும் பிசியோதெரபி மத்திய கவுன்சில்கள் மசோதா' என்று பெயர். தலைப்பில் இந்தத் துறையின் பெயரே கிடையாது. 2009-இல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதியானது.

கடைசியில் 2018 டிசம்பரில் மாநிலங்களவையில் இன்னொரு மசோதா வந்து, நிலைக்குழுவுக்குப் போய், மாற்றி எழுதப்பட்டு, 2021 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறியது. தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம், 2021. இதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். மூன்றாவது பிசியோதெரபி. ஆறாவது, தனியாக, எதனுடைய வாலாகவும் இல்லாமல், ஆக்குபேஷனல் தெரபி. சங்கம் தொடங்கி அறுபத்தொன்பது ஆண்டு!

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 'இணை' ஊழியர் என்பவர் வேறு, 'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்பவர் வேறு. முன்னவருக்கு 2000 மணி நேரப் படிப்பு போதும். பின்னவருக்கு 3600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். முன்னவர் ஒருவருக்குத் துணையாக இருப்பவர். பின்னவர் தானே ஆராய்ந்து, ஆலோசனை சொல்லி, சிகிச்சை தருபவர். 'பாராமெடிக்கல்' என்ற மொத்தப் பெயரை இந்தத் துறையினர் ஏன் வெறுத்தார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது. என் அப்பாவுக்கு எந்த வேலையை முதலில் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தது அந்தப் பெண். டாக்டர் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. முடிவெடுப்பவரை உதவியாளர் என்று எழுதினால் சம்பளமும் பதவி உயர்வும் அதன்படியே அமையும். சம்பளக் குழு கூடும்போதெல்லாம் எந்தத் தொழிற்சங்கமும் மனுவோடு போய் நிற்பது இதற்காகத்தான்.

அதே அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2008-இல் வகுத்த எண் போடப்பட்டிருக்கிறது. பிசியோதெரபிஸ்டுக்கு 2264 என்று சொந்த எண். இவர்களுக்கு 2269, 'வேறெங்கும் வகைப்படுத்தப்படாத பிற சுகாதாரத் தொழில்முறையாளர்கள்' என்று அதற்குப் பொருள். அதாவது இதர வகை. பிற நாட்டுச் சங்கங்களுக்கும் இதே எண்தான், இதே சிக்கல்தான். எண் தனியாக இல்லாவிட்டால் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு தனியாக வராது. கணக்கு வராவிட்டால் எத்தனை பேர் போதவில்லை என்று அரசிடம் சொல்ல முடியாது. ஆகவே உலகக் கூட்டமைப்பு உறுப்பு நாட்டுச் சங்கங்களிடமிருந்து தானே எண்ணிக்கையைக் கேட்டுத் திரட்டுகிறது. வாதாடுவது என்றவுடன் கொடி, கோஷம், ஊர்வலம் என்று நினைக்கிறோம். இங்கே வாதாடுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குமாஸ்தா வேலை.

சட்டம் வந்தாயிற்றே, பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. ஆணையமும் மாநில கவுன்சில்களும் உரிய காலத்தில் அமைக்கப்படவில்லை. மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போய், 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் மத்திய மாநில அரசுகளுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்து நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்தை வாங்க ஒரு போராட்டம். வாங்கிய சட்டத்தை நடக்கவைக்க இன்னொரு போராட்டம்.

மற்ற சட்டங்களிலும் ஓட்டைகள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மாநில ஆணையம் பதிவு செய்ய வேண்டியவர்கள் என்று மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகிய மூவரைச் சொல்கிறது. தொழில்வழிச் சிகிச்சையாளரைச் சொல்லவில்லை. இத்துறை பிறந்ததிலேயே பாதி மனநல மருத்துவமனைகளில்தான். அங்கேயே பெயர் விட்டுப்போவது நியாயமா? மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2016, ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் வந்தன. அதன் பின் பெற்றோர்கள் இந்தச் சிகிச்சையைத் தேடி அலைவது அதிகமாகியிருக்கிறது என்பது எங்கள் தெருவிலேயே தெரிகிறது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள் தெரபிக்கும் இடம் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பயன்படும். நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். பக்கவாதம் வந்த முதியவருக்கு அது பொருந்தாது.

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்தத் தொழில் சங்கமும் முதலில் தன் ஆட்களுக்காகத்தான் பேசும். பதிவு இல்லாதவர் சிகிச்சை தரக்கூடாது என்றால் போலிகள் ஒழிவார்கள் என்பது சரி. ஆனால் கர்நாடகத்து உள் தாலுக்காக்களிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கக் கிராமங்களிலும் பட்டம் பெற்றவர் எங்கே இருக்கிறார்? அங்கே நடக்க முடியாத குழந்தைக்கு உட்காரும் நாற்காலி செய்து கொடுப்பவர், சில மாதப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்தான். அவரையும் போலி என்று துரத்தினால் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? என் நண்பரான ஒரு தெரபிஸ்டிடம் இதைக் கேட்டேன். "அவங்களைத் துரத்தணும்னு நாங்க சொல்லலை ஸார். அவங்க மேல பொறுப்பா ஒருத்தர் இருக்கணும்னு சொல்றோம்" என்றார். பதில் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பொறுப்பான ஒருவருக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் பதவியிடம் உண்டாக்கச் செய்வதில்தான், என் அபிப்பிராயத்தில், சங்கம் இன்னும் உரக்கப் பேச வேண்டும். நகரத்துப் பதிவேட்டைவிட அது அவசரம்.

இந்தச் சிகிச்சையைத் தேடுகிறவர்கள் முதல் நாளே சில கேள்விகள் கேட்கலாம். நாலரை ஆண்டுப் பட்டப்படிப்பாக இருந்துவந்த பி.ஓ.டி. படித்தவரா, எந்தக் கல்லூரி, மாநிலப் பதிவோ சங்க உறுப்பினர் எண்ணோ இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல சிகிச்சையாளர் சந்தோஷமாகவே சொல்வார். பில்லில் 'ஓ.டி.' என்று சுருக்காமல் முழுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டிலும் அப்படியே. அப்புறம், அவர் வந்தவுடன் உடற்பயிற்சிச் சாமானை விரித்தாரா, இல்லை, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.